ஆய்வேடுகளில் நாம் யார்? தர்மபுரியிலிருந்து ஒரு பார்வை

பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்துக்குப் போய் வந்த குடும்பங்களுக்கு இது தெரிந்த கதைதான். மதம் என்ற கட்டத்தை நிரப்ப யாருக்கும் தயக்கம் இல்லை. அதற்கடுத்த கட்டத்தில்தான் குழப்பம். லெப்பை என்று போடுவதா, ஷேக் என்றா, தக்கனி முஸ்லிம் என்றா? வீட்டுப் பெரியவர் ஒன்று சொல்வார். அண்ணனின் பழைய சான்றிதழில் வேறொன்று இருக்கும். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒன்று எழுதியிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2007இல் வந்தது. அதற்கான பட்டியலில் இருப்பவை ஏழு பெயர்கள்: அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தரையும் மரைக்காயரையும் உள்ளடக்கிய லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது. இதில் லெப்பை என்ற பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சிறு குறிப்பு உண்டு: அவர்கள் பேசும் மொழி தமிழானாலும் சரி, உருதுவானாலும் சரி. பட்டான் என்ற பெயர் பட்டியலில் கிடையாது. எனவே அந்தக் கட்டத்தில் எழுதும் ஒரு சொல், ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கக்கூடும்.

இந்தப் பெயர்களை யார் வைத்தார்கள்? சில நம் முன்னோர் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டவை. சில பக்கத்து ஊர்க்காரர்கள் அழைத்தவை. ஆனால் அவற்றை வரிசைப்படுத்தி, இன்னார் இந்தப் பிரிவு என்று எழுத்தில் நிறுத்தியவர்கள் வெளியாட்கள்: கம்பெனி அதிகாரிகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள், பிறகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அரசு ஆணையங்கள். முஸ்லிம் சமூகங்களைப் பற்றிய ஆய்வு எங்கோ வெளிநாட்டு நூலகத்தில் கிடக்கும் விஷயம் என்று நாம் நினைக்கிறோம். அது சுற்றி வந்து நம் வீட்டு விண்ணப்பப் படிவத்தில்தான் நிற்கிறது. அந்த ஆய்வுகள் நம்மைப் பற்றி என்ன சொல்லின, எதைச் சரியாகக் கண்டன, எங்கே தவறவிட்டன என்று தெரிந்துகொள்வது அதனால்தான் அவசியமாகிறது.

பாராமகாலில் தொடங்கிய ஏடு

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பகுதிக்குப் பழைய பெயர் பாராமகால். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த பகுதிகளில் இதுவும் ஒன்று. நிர்வாகத்தை ஏற்ற கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களும் ஊர் ஊராக நிலத்தை அளந்தார்கள். அந்த உதவியாளர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ. அவர் தர்மபுரியிலேயே தங்கி வேலை பார்த்தவர்.

அந்த அதிகாரிகள் நிலத்தோடு நிற்கவில்லை. அங்கே யார் வாழ்கிறார்கள், என்ன தொழில், என்ன வழக்கம் என்பதையும் எழுதினார்கள். இந்தக் குறிப்புகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாராமகால் ஆவணங்கள் என்ற தலைப்பில் அச்சாயின. அதில் குடிமக்களைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. பிறகு 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்டக் கெசட்டியர் என்று வரிசை தொடர்ந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். அதற்கு முன் நம் ஊர்களைப் பற்றி எழுதியவை எல்லாம் சேலம் என்ற பெயரின் கீழேதான் கிடைக்கும். குடும்ப வரலாறு தேடும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இவர்கள் எழுதியது நம்மைப் புரிந்துகொள்ள அல்ல, வரி வாங்க. அதை மறக்கக் கூடாது. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் என்ற நூலிலும் லெப்பை, மரைக்காயர் முதலான தலைப்புகள் உண்டு. மூக்கையும் மண்டையையும் அளந்தால் இனத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிய காலம் அது. தர்ஸ்டன் அந்த அளவெடுப்பில் பேரார்வம் கொண்டவர். அந்த அறிவியல் இன்று குப்பைக்குப் போய்விட்டது. அது வகுத்த தலைப்புகள் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

தலைப்புகளிலும் ஒரு சிக்கல். லெப்பை என்றால் தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் பள்ளிவாசலில் மார்க்கப் பணி செய்பவர் என்ற பொருள் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் அது தோல் வணிகம் செய்த ஒரு சமூகத்தின் பெயர். ஒரே சொல், இரண்டு பொருள். மேசையில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவருக்கு இந்த வேறுபாடு எங்கே தெரியப் போகிறது?

பல்லாவரத்தில் ஒரு மானுடவியலாளர்

அதிகாரிகள் போய் ஆய்வாளர்கள் வந்த காலத்துக்கு வருவோம். 1967-68இல் மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் சென்னைக்குப் பக்கத்திலுள்ள பல்லாவரத்தில் தங்கி, தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்களிடையே ஆய்வு செய்தார். 1972இல் நூலாக வந்தது. தமிழ் முஸ்லிம்களைப் பற்றி எழுதுகிற எவரும் இன்றும் தொடாமல் போக முடியாத ஆய்வு அது.

அவர் கண்டது இதுதான். ஊரில் இருக்கும்வரை ஒருவர் ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, காயலர் என்று அறியப்படுகிறார். இன்னாருடைய மகன், இந்தத் தெரு என்றால் போதும். அங்கே தொழுகையில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அவருடைய மதிப்பு குறைவதில்லை. நகரத்துக்கு வந்ததும் அந்த ஊர் அடையாளம் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் ஒரு முஸ்லிம், அவ்வளவே. அப்போது பள்ளிவாசல், தொழுகை, மதரஸா, ஜமாஅத் ஆகியவையே அவருக்கு மதிப்பும் உறவும் தரும் இடங்களாகின்றன. எனவே நகரத்துக்கு வந்தவர் மார்க்கத்தில் முன்பைவிட உறுதியாகிறார். நகரமும் வணிகமும் வந்தால் மதப்பற்று தளரும் என்று அந்நாளைய சமூகவியல் சொல்லிக்கொண்டிருந்தது. மைன்ஸ் கண்டது நேர் எதிர்.

தர்மபுரியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போன நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஊரில் ஜும்ஆவுக்கு மட்டும் தலைகாட்டியவர் அங்கே ஐந்து வேளையும் பள்ளிக்குப் போகிறார் என்று தாய்மார்கள் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். ஈமான் அல்லாஹ் தருவது. அது வேரூன்றும் சூழல் எப்படி அமைகிறது என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது.

அவர் கவனித்த இன்னொன்றும் உண்டு. இந்தப் பிரிவுகளுக்குள் யார் மேல், யார் கீழ் என்ற வரிசை இல்லை. சேர்ந்து உண்பதில் தடை இல்லை. ஆனால் திருமணம் பெரும்பாலும் அவரவர் பிரிவுக்குள்ளேயே நடக்கிறது. இதை வைத்து அறிஞர்களிடையே பெரிய விவாதமே நடந்தது. இம்தியாஸ் அஹ்மத் 1973இல் தொகுத்த நூல், இந்திய முஸ்லிம்களிடம் சாதி போன்ற அமைப்பு உண்டு என்றது. உள்ளூர் வழக்கமும் மார்க்கச் சட்டமும் மோதாமல் அருகருகே வாழ்கின்றன என்பதும் அவர் கருத்து. வரலாற்றாசிரியர் ஃபிரான்சிஸ் ராபின்சன் 1983இல் அதை மறுத்தார். நபி (ஸல்) அவர்களின் முன்மாதிரி என்ற இலட்சியம் காலப்போக்கில் உள்ளூர் வழக்கங்களைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பது அவருடைய வாதம். தமிழ் முஸ்லிம்களைப் பொறுத்தவரை, இந்தப் பெயர்களைச் சாதி என்று சொல்வது பொருந்தாது என்று ஃபிராங்க் ஃபான்செலோ 1996இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார்.

யார் சொல்வது சரி? என் கருத்தில், பள்ளிவாசல் சஃப்பைப் பார்த்தால் ஃபான்செலோ சரி. பெண் பார்க்கும் பேச்சைக் கேட்டால் இம்தியாஸ் அஹ்மத் முழுக்கத் தவறு என்று சொல்ல வாய் வருவதில்லை. "நல்ல குடும்பம்தான், ஆனா அவங்க உருதுக்காரங்க" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். எதிர்ப்பக்கத்திலிருந்து இதே பேச்சு தக்கனியிலும் நடக்கிறது.

கடற்கரையின் நிழலில் உள்நாடு

தமிழ் முஸ்லிம் என்றதும் ஆய்வுலகின் கண்முன் வருவது கடற்கரைதான். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர். அரபு வணிகர், மரக்கலம், முத்துக்குளிப்பு. இலக்கியத்திலும் அப்படித்தான். தோப்பில் முஹம்மது மீரானின் முதல் நாவலின் தலைப்பிலேயே கடலோரம் இருக்கிறது. சீறாப்புராணத்தை ஆராய்ந்த வசுதா நாராயணன், உமறுப்புலவர் அரபு நாட்டைத் தமிழ் நாட்டு வயலும் நீர்வளமுமாக எப்படி வருணித்தார் என்று விளக்கினார். அரபுத் தமிழ் நூல்களைத் தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் ஒரு பெரும் நூலில் ஆவணப்படுத்தினார். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்ற துறையையே நிலைநாட்டிய ம.மு. உவைஸ் இலங்கையில் பிறந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். இவை எல்லாம் நம் அனைவருக்கும் பெருமை. ஆனால் தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் மக்களின் கதை இதற்குள் அடங்காது.

இங்கே இஸ்லாம் கடல் வழியாக மட்டும் வரவில்லை. தக்காணத்திலிருந்தும் மைசூர்ச் சீமையிலிருந்தும் படையோடும் நிர்வாகத்தோடும் வணிகத்தோடும் வந்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் பேசும் மொழி தக்கனி. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹௌ' என்று சொல்லும் இந்த மொழியைக் கேட்டு, இது சுத்த உருது இல்லை என்று லக்னோக்காரர் சிரிக்கலாம். ஆனால் வட இந்தியாவில் உருது இலக்கியம் செழிப்பதற்கு முன்பே பீஜப்பூரிலும் கோல்கொண்டாவிலும் தக்கனியில் கவிதை எழுதிவிட்டார்கள். மறுபக்கம் தமிழை மட்டுமே வீட்டு மொழியாகக் கொண்ட லெப்பை, ராவுத்தர் குடும்பங்கள். இரு தரப்பும் ஒரே மஹல்லாவில், ஒரே கபரஸ்தானில். ஜும்ஆ பயான் எந்த மொழியில் என்பதே இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி. நாகூரில் அது கேள்வியே இல்லை.

2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் இந்தப் பக்கத்து உருதுப் பள்ளிகளில் எவ்வளவு கவலையை உண்டாக்கியது என்பது பெற்றோருக்கு நினைவிருக்கும். தமிழ் முஸ்லிம் என்றாலே தமிழ்தான் தாய்மொழி என்று வெளியில் இருப்பவர் எண்ணுகிறார். முஸ்லிம் என்றாலே உருது என்று எண்ணுகிறவர் இன்னொருவர். இரண்டு எண்ணங்களுமே தர்மபுரியில் பாதி வீடுகளைக் காணாமல் போகச் செய்கின்றன.

ஒரு கட்டுரை செய்த வேலை

ஆய்வுக் கட்டுரை ஒன்று ஒரு சமூகத்தின் அரசியலையே எப்படிப் பாதிக்கும் என்பதற்கு இலங்கையைவிட நல்ல உதாரணம் இல்லை. தர்மபுரியிலிருந்து அது தூரம்தான். ஆனால் மொழியும் அடையாளமும் பற்றிய கேள்வி அங்கே முழு உருவில் எழுந்து நின்றது.

1888இல் பொன்னம்பலம் ராமநாதன், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் சோனகர்களின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவர் அப்போது சட்டசபையில் தமிழர் பிரதிநிதி. இலங்கைச் சோனகர்கள் பேசுவது தமிழ், அவர்களுடைய வழக்கங்கள் தமிழருடையவை, ஆகவே அவர்கள் மதம் மாறிய தமிழர்களே என்பது அவருடைய முடிவு. சோனகருக்குச் சட்டசபையில் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. தமிழர்தான் என்றால் தனி இடம் எதற்கு என்ற கேள்வி அந்த முடிவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. மறு ஆண்டே, 1889இல், சோனகருக்கு ஒரு நியமன இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கட்டுரை போட்ட முடிச்சு அவிழவில்லை.

1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதி ஒரு நூலாகவே வெளியிட்டார். சோனகரின் முன்னோர் அரபியர், தமிழ் அவர்கள் வணிகத்துக்காகவும் மண உறவாலும் ஏற்ற மொழி என்பது அவர் வாதம். இன்று படித்தால் இருவர் வாதத்திலும் ஓட்டைகள் தெரியும். மொழி ஒன்று என்பதால் இனம் ஒன்றாகிவிடாது. முன்னோரில் சிலர் அரபியர் என்பதால் எல்லோரும் அரபியராகிவிட மாட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எழுதப்பட்டதற்கு எழுத்தாலேயே பதில் சொன்னார் அஸீஸ். கூட்டம் போட்டுக் கண்டித்துவிட்டுக் கலைந்து போகவில்லை. அதனால் இன்றைக்கும் ராமநாதனைக் குறிப்பிடும் ஆய்வாளர் எவரும் அஸீஸையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

கிழக்கிலங்கையில் நீண்ட காலம் ஆய்வு செய்த டென்னிஸ் மெக்கில்வ்ரே, 1998இல் எழுதிய கட்டுரையில் இலங்கைச் சோனகரையும் தமிழ்நாட்டு மரைக்காயரையும் கேரள மாப்பிள்ளாக்களையும் ஒப்பிட்டார். மொழியிலும் மத்ஹபிலும் கடல் வணிகத்திலும் இத்தனை நெருக்கமானவர்கள். ஆனால் தமிழ்நாட்டில் 'தமிழ் முஸ்லிம்' என்று இயல்பாகச் சொல்ல முடிகிறது. இலங்கையில் தமிழே பேசினாலும் தமிழர் என்று சொல்ல மாட்டார்கள். வேறுபாடு இரத்தத்தில் இல்லை. அந்தந்த நாட்டு அரசியலில் இருக்கிறது. இங்கே திராவிட இயக்கம் முஸ்லிம்களுக்கு ஓர் இடம் வைத்தது. பெரியார் மீலாது மேடைகளில் பேசினார், தாவூத் ஷா தாருல் இஸ்லாம் இதழை நல்ல தமிழில் நடத்தினார். ஜே.பி.பி. மோரே 2004இல் வெளியிட்ட நூல் இந்தத் தொடர்பைத்தான் விரிவாக ஆராய்கிறது. இலங்கையில் 1915 கலவரத்துக்குப் பின் ராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் காயங்களுக்குப் பிறகு ஒரு சொல்லின் பொருளே மாறிவிட்டது.

அண்டை வீட்டாரைப் பற்றி

பிற மதத்தாருடன் நம் உறவைப் பற்றிய ஆய்வுகள் இரண்டு வகை. ஒன்று வரலாறு. சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட நூல், 18, 19ஆம் நூற்றாண்டுத் தென்னகத்தில் இறைநேசர்களின் அடக்கத்தலங்கள் எப்படித் தமிழ் மண்ணின் பொதுவான பக்தி உலகத்துக்குள் வளர்ந்தன என்று காட்டியது. நாகூரின் மிக உயரமான மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். நம் பக்கத்தில் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையையே சையத் பாஷா மலை என்று எல்லா மதத்தாரும் அழைக்கிறார்கள்.

இத்தகைய ஆய்வுகளில் எனக்கு ஒரு குறை உண்டு. தர்காவுக்கு வரும் கூட்டத்தைக் கண்டதும் சில ஆய்வாளர்கள் இதுதான் நல்லிணக்கம், பள்ளிவாசலோடு நிற்பவர் அதற்கு எதிரானவர் என்று கோடு போட்டுவிடுகிறார்கள். தர்கா பற்றி நமக்குள் இருக்கும் கருத்து வேறுபாடு மார்க்கம் சார்ந்தது. அதை நம் ஆலிம்கள் பேசுவார்கள். ஆனால் தர்காவுக்கே போகாத ஒருவர் சந்தையில் பக்கத்துக் கடைக்காரருக்குக் கைமாற்றுக் கொடுத்து வாங்குவார், அவர் வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பார். புளி மண்டியிலும் மாம்பழ வியாபாரத்திலும் தினமும் நடக்கும் இந்த உறவைக் கந்தூரி நாளில் மட்டும் கேமராவோடு வருகிறவர் காண மாட்டார்.

இன்னொரு வகை, புள்ளிவிவரம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 இறுதியிலிருந்து 2020 தொடக்கம்வரை இந்தியாவில் கிட்டத்தட்ட 30,000 பேரை நேரில் சந்தித்துக் கேட்டு, 2021இல் அறிக்கை வெளியிட்டது. முஸ்லிம்களில் 95 விழுக்காட்டினர் இந்தியராக இருப்பதில் மிகவும் பெருமைப்படுவதாகச் சொன்னார்கள். மதக் கலவரம் மிகப் பெரிய பிரச்சினை என்று சொன்னவர்கள் இந்துக்களிலும் 65, முஸ்லிம்களிலும் 65 விழுக்காடு. எல்லா மதங்களையும் மதிக்க வேண்டும் என்றவர்கள் பெரும்பான்மை. அதே மக்கள் நெருங்கிய நண்பர்கள் பெரும்பாலும் தம் மதத்தார்தான் என்றார்கள். மதிப்பு உண்டு, நெருக்கம் குறைவு. தென்னிந்தியாவில் இந்த விலகல் சற்றுக் குறைவு என்றும் அறிக்கை சொன்னது.

எண்களைப் படிக்கும்போது சராசரியை நம்பி ஏமாறக் கூடாது. 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை முஸ்லிம்களின் பின்தங்கிய நிலையை நாட்டுக்கு எடுத்துக் காட்டிய பெரும் ஆவணம். அது பயன்படுத்திய 2001 கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டின் சராசரியைவிடக் குறைவு. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9, மாநிலச் சராசரியான 73.5ஐவிட அதிகம். அப்படியானால் நமக்குக் குறை இல்லையா? இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே கடைசி. மாநிலம் 80ஐத் தொட்டிருந்தது. மாநிலத்தில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு, நம் மாவட்டத்தில் அதைவிடக் குறைவு. கடற்கரையின் செல்வமும் சென்னையின் கல்வியும் சேர்த்துக் கணக்கிட்ட மாநிலச் சராசரிக்குப் பின்னால், பீடி சுற்றும் ஒரு தர்மபுரித் தாயின் பிள்ளை பத்தாம் வகுப்போடு நிற்பது தெரியாமலே போகும்.

கேள்வித்தாளோடு ஒருவர் வந்தால்

ஆய்வு மாணவர் யாராவது மஹல்லாவுக்கு வந்தால் இரண்டு தவறுகளைச் செய்கிறோம். சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்துவது ஒன்று. காலம் அப்படி இருக்கிறது, புரிகிறது. மற்றது, ஜமாஅத் நிர்வாகிகள் நான்கு பேர் உட்கார்ந்து "எல்லாம் நல்லபடியா இருக்கு தம்பி" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவது. எந்தப் பல்கலைக்கழகம், வழிகாட்டிப் பேராசிரியர் யார், ஒலிப்பதிவை என்ன செய்வீர்கள், பெயரை மறைப்பீர்களா, முடித்ததும் ஒரு பிரதி பள்ளிவாசலுக்குத் தருவீர்களா என்று கேட்பது நம் உரிமை. நேர்மையான ஆய்வாளர் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார். அதன்பின் உள்ளதை உள்ளபடி பேசலாம். பெண்களிடம் பேச ஒரு மாணவி வந்தால் வழிவிடுங்கள். மைன்ஸ் காலத்திலிருந்து நம்மைப் பற்றிய எழுத்தில் கடைத்தெருவும் பள்ளிவாசலும்தான் நிறைய. அடுப்படியில் நடக்கும் பேச்சு மிகக் குறைவு.

அதைவிட நல்லது நம் பிள்ளைகளே எழுதுவது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்குத் தர்மபுரியில் முதுநிலை விரிவாக்க மையம் இருக்கிறது. வரலாறு, சமூகவியல், தமிழ் படிக்கும் ஒரு மாணவி தன் மஹல்லாவின் இரு மொழிகளைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினால் அது எந்த வெளிநாட்டு நூலுக்கும் குறைந்ததாகாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டு முஸ்லிம்கள் பற்றி அங்கே தேடிப் படிக்கலாம்.

ஆய்வுக்கு ஆதாரம் வேண்டும். அது நம் பள்ளிவாசல் பீரோவில் கறையான் தின்றுகொண்டிருக்கிறது. பழைய நிக்காஹ் பதிவேடுகளில் மணமக்களின் ஊர், தந்தை பெயர், சாட்சிகள், மஹர் எல்லாம் இருக்கும். யார் எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எப்போதிலிருந்து லெப்பை வீடும் தக்கனி வீடும் சம்பந்தம் செய்யத் தொடங்கின என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஏடு வேறில்லை. 1858இல் அமைந்த இனாம் ஆணையம் சென்னை மாகாணம் முழுவதும் பள்ளிவாசல், தர்கா, காஜி மானியங்களை விசாரித்துப் பதிவு செய்தது. அந்தப் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 2025 வக்ஃப் திருத்தச் சட்டமும் உமீத் இணையதளப் பதிவும் வந்தபின், அந்தப் பழைய தாள்களின் மதிப்பு என்ன என்று முத்தவல்லிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. 1931க்குப் பிறகு முதல்முறையாகச் சாதியும் முழு அளவில் கேட்கப்படும் என்று 2025இல் மத்திய அரசு அறிவித்தது. தாய்மொழி என்று கேட்கும்போது, சிறுவயதில் தாய் நம்மிடம் பேசிய மொழியைச் சொல்ல வேண்டும். கணக்கெடுப்பவர் நாம் சொல்வதைத்தான் எழுத வேண்டும், நம் முகத்தைப் பார்த்து அவரே நிரப்பக் கூடாது. சாதிக் கேள்விக்கு இஸ்லாத்தில் சாதி இல்லை என்று சொல்லிவிட்டு நிறுத்தினால், மார்க்கப்படி அது சரி. ஆனால் இட ஒதுக்கீட்டுக்கு அரசு வைத்திருக்கும் பெயரும் மார்க்கத்தில் நம் தரமும் ஒன்றல்ல. பிள்ளையின் சான்றிதழில் ஒன்று, கணக்கெடுப்பில் வேறொன்று, தம்பி வீட்டில் மூன்றாவதாக ஒன்று என்று சொல்லி வைக்க வேண்டாம்.

கணக்கெடுப்பவர் வரும் முன் ஒருநாள் மாலை, வீட்டில் மூத்தவர் யாரோ அவரைப் பேசச் சொல்லி ஒரு பேரப்பிள்ளை எழுதி வைக்கட்டும். எந்த ஊரிலிருந்து வந்தோம், பாட்டனார் என்ன தொழில் செய்தார், அவருடைய உம்மா எந்த மொழியில் தாலாட்டினார், நம்மை அக்கம்பக்கத்தார் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள். தேதி போட்டு, பேசியவரின் பெயரையும் வயதையும் கீழே எழுதி, ஒரு நகலை ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம்.